பென்டிரைவ் மூலம் இயங்குதளம் நிறுவுதல் – கோளாறுகளும் தீர்வுகளும்

(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி, மணியாச்சி)

முன்னுரை

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது நம் பெரியோர் வாக்கு. கிணற்றுக்கும் கண்மாய்க்கும் மட்டுமல்ல, கணிப்பொறிக்கும் இது பொருந்தும். இன்று நம் வீடுகளில் பழுதாகிக் கிடக்கும் கணிப்பொறிகள் பலவற்றில் உண்மையில் எந்தப் பாகமும் கெட்டுப்போகவில்லை. அவற்றை இயக்கும் மென்பொருள்தான் பழையதாகிவிட்டது, அல்லது சிதைந்துவிட்டது. ஒரு சிறிய பென்டிரைவைக் கொண்டு புதிய இயங்குதளத்தை நிறுவினால் அவை மீண்டும் பயன்படும். அப்படி நிறுவும்போது நேரும் கோளாறுகள் யாவை, அவற்றின் காரணங்களை எவ்வாறு கண்டறிவது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இயங்குதளம் என்பது யாது?

கணிப்பொறியின் உறுப்புகளையும் நாம் பயன்படுத்தும் நிரல்களையும் இணைத்து நடத்தும் தலைமை மென்பொருளே இயங்குதளம். விசைப்பலகையில் நாம் தட்டுவதைத் திரையில் காட்டுவதும், கோப்புகளை ஹார்டு டிஸ்க்கில் ஒழுங்காக வைப்பதும் அதன் வேலைகள். விண்டோஸ், லினக்ஸ் என்பன நாம் அறிந்த இயங்குதளங்கள்.

லினக்ஸின் கருவை 1991 ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதினார். 1993 இல் இயான் மர்டாக் என்பவர் அதைக் கொண்டு 'டெபியன்' என்ற இயங்குதளத்தைத் தொடங்கினார். தம் தோழி டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் சேர்த்தே அவர் இப்பெயரைச் சூட்டினார். அந்த டெபியனை அடிப்படையாகக் கொண்டு நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியதே 'பாஸ்' எனப்படும் பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். 2007 இல் வெளியான இது தமிழ் உட்பட இந்திய மொழிகளில் இயங்கக் கூடியது, விலையின்றிக் கிடைப்பது.

பென்டிரைவின் கதையும் சுவையானது. அதைச் செருகும் யு.எஸ்.பி. வழி 1996 இல் வந்தது. அதை வடிவமைத்த இன்டெல் நிறுவனக் குழுவின் முதன்மையானவர்களுள் ஒருவர், பரோடாவில் படித்த அஜய் பட். 2000 ஆம் ஆண்டில் பென்டிரைவ்கள் விற்பனைக்கு வந்தபோது ஐ.பி.எம். விற்றதன் கொள்ளளவு 8 எம்.பி. மட்டுமே. இன்று இயங்குதளம் நிறுவ 8 ஜி.பி. பென்டிரைவ் தேவை. அதாவது ஆயிரம் மடங்கு!

நம் வீடுகளில் உள்ள நிலை

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. எல்காட் நிறுவனம் மடிக்கணினிகளைக் கொள்முதல் செய்தது. அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவ மாணவியர்க்கு அவை வழங்கப்பட்டன. கோவில்பட்டி, கடம்பூர், மணியாச்சி வட்டாரத்தில் வானம் பார்த்த பூமியையும் தீப்பெட்டித் தொழிலையும் நம்பி வாழும் குடும்பங்கள் பலவற்றில் வீட்டுக்கு வந்த முதல் கணிப்பொறி அதுதான்.

அந்த மடிக்கணினிகளுக்கு இப்போது வயதாகிவிட்டது. விண்டோஸ் 7 க்கான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிவடைந்தன. விண்டோஸ் 11 நிறுவ டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய பிராசஸரும் வேண்டும். பழைய மடிக்கணினிகளில் அவை இல்லை. ஆகவே பலர் அவற்றைப் பீரோவின் மேல் போட்டுவிட்டார்கள். தம்பி தங்கையர் படிக்கவும், அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கவும் உதவக்கூடிய பொருள் தூசி படிந்து கிடக்கிறது. லினக்ஸ் நிறுவினால் அவற்றுள் பல இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.

தொடங்குமுன் செய்ய வேண்டியவை

முதலாவதாக, உள்ளே இருக்கும் கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்து வைக்க வேண்டும். இதைவிட முக்கியமான விதி வேறில்லை. ஹார்டு டிஸ்க்கைப் பாகங்களாகப் பிரிப்பது புஞ்சையில் வரப்புப் போடுவது போன்றது. ஃபார்மட் செய்வது அதை உழுது போடுவது போன்றது. உழுத பிறகு, "அங்கே ஒரு செடி இருந்ததே" என்று வருந்திப் பயனில்லை.

இரண்டாவதாக, மடிக்கணினியைச் சார்ஜருடன் இணைத்து வைக்க வேண்டும். பழைய பேட்டரி நின்றுவிட்டிருந்தால் மின்தடை வராத நேரமாகப் பார்த்துத் தொடங்குவது நன்று. பாதியில் மின்சாரம் போனால் பழைய தளமும் இராது, புதிய தளமும் இராது.

மூன்றாவதாக, பிராசஸர் 32 பிட் வகையா, 64 பிட் வகையா என்று பார்க்க வேண்டும். 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13, 32 பிட் கணிப்பொறிகளுக்கான நிறுவியைத் தருவதில்லை. வேறு பல லினக்ஸ் வகைகளும் 64 பிட்டுக்கு மட்டுமே வருகின்றன.

நான்காவதாக, இயங்குதளத்தை அதை உருவாக்கியோரின் சொந்த இணையதளத்திலிருந்தே பெற வேண்டும். யாரோ தரும் திருட்டுப் பதிப்பில் வைரஸ் இருக்கலாம். மேலும், பிறர் உழைப்பைத் திருடுவது முறையுமன்று. இலவசமாகவும் நேர்மையாகவும் கிடைக்கும் லினக்ஸ் இருக்கும்போது அதற்குத் தேவையுமில்லை.

பென்டிரைவைத் தயார் செய்தல்

இயங்குதளம் ஐ.எஸ்.ஓ. என்ற ஒரே கோப்பாகக் கிடைக்கும். அதைப் பாட்டுக் கோப்பைப் போல் பென்டிரைவில் படியெடுத்துப் போட்டால் கணிப்பொறி அதிலிருந்து துவங்காது. ரூஃபஸ், எட்சர், வென்டாய் போன்ற கருவிகளுள் ஒன்றைப் பயன்படுத்த வேண்டும். ரூஃபஸும் எட்சரும் ஐ.எஸ்.ஓ.வில் உள்ளதைத் துவங்கும் முறையில் பென்டிரைவில் எழுதும். வென்டாய் முதலில் பென்டிரைவைத் தயார் செய்துகொள்ளும், அதன்பின் ஐ.எஸ்.ஓ. கோப்புகளை அப்படியே அதில் போடலாம். எந்தக் கருவியானாலும் பென்டிரைவில் முன்பிருந்தவை அழிந்துவிடும்.

பதிவிறக்கிய கோப்பு முழுமையானதா என்பதையும் சோதிக்க வேண்டும். இணையதளத்தில் அக்கோப்பின் எஸ்.எச்.ஏ. 256 எண் தரப்பட்டிருக்கும். அது 64 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட ஒரு வரி. நம் கணிப்பொறியிலும் அந்த எண்ணைக் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். கோப்பில் ஒரு புள்ளி மாறியிருந்தாலும் எண் முற்றிலும் வேறாக வரும். கைப்பேசி இணைப்பு விட்டுவிட்டு வரும் நம் ஊர்களில் இச்சோதனை மிகவும் அவசியம்.

துவக்கம் நடைபெறும் விதம்

நம் மணியாச்சிச் சந்திப்பை நினைத்துப் பாருங்கள், தோழியரே! கோவில்பட்டி வழியாக வரும் ரயில் இங்கிருந்து திருநெல்வேலிக்கும் செல்லலாம், தூத்துக்குடிக்கும் செல்லலாம். எந்தப் பக்கம் தண்டவாளத்தைச் சேர்த்திருக்கிறார்களோ அந்தப் பக்கமே வண்டி போகும்.

கணிப்பொறியிலும் அவ்வாறே. பொத்தானை அழுத்தியதும் முதலில் பயாஸ் என்ற உள்மென்பொருள் விழிக்கிறது. புதியவற்றில் இதற்குப் பதில் யு.இ.எஃப்.ஐ. உள்ளது. அது எந்தச் சாதனத்திலிருந்து துவங்க வேண்டும் என்ற வரிசையைப் பார்க்கிறது. ஹார்டு டிஸ்க் முதலில் இருந்தால் பழைய தளத்துக்கே போகும். பென்டிரைவ் முதலில் இருந்தால் புதிய நிறுவி தோன்றும். பொத்தானை அழுத்திய உடனே குறிப்பிட்ட விசையைத் தட்டினால் இந்தத் தேர்வுப் பட்டியல் வரும். லெனோவோ, டெல் கணிப்பொறிகளில் பெரும்பாலும் எஃப் 12, எச்.பி.யில் எஃப் 9. ஏசரில் எஃப் 2 அழுத்திப் பயாஸுக்குள் சென்று எஃப் 12 பட்டியலை முதலில் இயக்கிவிட வேண்டியிருக்கும்.

கோளாறுகளும் தீர்வுகளும்

1. பட்டியலில் பென்டிரைவ் தோன்றவில்லை. முதலில் வேறு துளையில் செருகிப் பார்க்க வேண்டும். பின் அதே பென்டிரைவை வேறொரு கணிப்பொறியில் துவக்கிப் பார்க்க வேண்டும். அங்கே துவங்கினால் பென்டிரைவில் குற்றமில்லை, நம் கணிப்பொறியின் துளையிலோ அமைப்பிலோதான் குற்றம். அங்கும் துவங்காவிட்டால் மீண்டும் எழுத வேண்டும், அல்லது வேறு பென்டிரைவ் எடுக்க வேண்டும்.

2. பழைய விண்டோஸே மீண்டும் வருகிறது. விண்டோஸ் 8 முதல் 'வேகத் துவக்கம்' என்ற வசதி உண்டு. 'ஷட் டவுன்' கொடுத்தாலும் கணிப்பொறி முழுமையாக அணைவதில்லை, அரைத்தூக்கத்தில் இருக்கும். ஆகவே 'ரீஸ்டார்ட்' கொடுத்து, திரை கறுத்தவுடன் உரிய விசையை விட்டுவிட்டுத் தட்ட வேண்டும்.

3. 'பாதுகாப்பு மீறல்' என்று திரையில் வருகிறது. இது 'செக்யூர் பூட்' என்ற காவலனின் வேலை. கையொப்பமிடப்படாத மென்பொருளை அது உள்ளே விடாது. உபுண்டு போன்றவையும், 2019 இல் வந்த டெபியன் 10 முதலான பதிப்புகளும் இதை ஏற்கும்படி அமைந்துள்ளன. மற்றவற்றை நிறுவும்போது மட்டும் இதை அணைக்க வேண்டியிருக்கும்.

4. விண்டோஸ் நிறுவும்போது, "இந்த டிஸ்க்கில் எம்.பி.ஆர். அட்டவணை உள்ளது, நிறுவ முடியாது" என்கிறது. டிஸ்க்கின் பாகங்களைக் குறித்து வைக்கும் அட்டவணை இரு வகைப்படும். பழைய பயாஸ் முறைக்கு எம்.பி.ஆர்., புதிய யு.இ.எஃப்.ஐ. முறைக்கு ஜி.பி.டி. பென்டிரைவ் ஒரு முறையில் துவங்கி, டிஸ்க் வேறு முறையில் இருப்பதே காரணம். டிஸ்க்கில் காக்க வேண்டிய கோப்புகள் இருந்தால் அட்டவணையை மாற்றாமல், பென்டிரைவைப் பழைய முறையில் துவக்குவதே பாதுகாப்பானது.

5. விண்டோஸ் 7 நிறுவி, "டிரைவர் காணவில்லை" என்று நிற்கிறது. விண்டோஸ் 7 க்கு யு.எஸ்.பி. 3.0 பற்றித் தெரியாது. நீல நிறத் துளையிலிருந்து கறுப்பு நிறத் துளைக்குப் பென்டிரைவை மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். ஆனால் ஆதரவு முடிந்த விண்டோஸ் 7 ஐ இணையத்துடன் இணைத்துப் பயன்படுத்துவது இன்று நல்லதன்று.

6. கோப்பு 4 ஜி.பி.க்கு மேல் இருப்பதால் படியெடுக்க முடியவில்லை. ஃபேட் 32 என்ற முறையில் அமைந்த பென்டிரைவ் 4 ஜி.பி.க்குப் பெரிய ஒற்றைக் கோப்பை ஏற்காது. விண்டோஸ் நிறுவியில் அத்தகைய கோப்பு உண்டு. கையால் படியெடுக்காமல் ரூஃபஸைப் பயன்படுத்தினால் இச்சிக்கல் தீரும்.

7. லினக்ஸ் துவங்கியதும் திரை கறுப்பாகிறது. திரைக்கான சில்லுடன் ஒத்துப்போகாமையே இதற்குக் காரணமாக இருக்கும். துவக்கப் பட்டியலில் 'இ' என்ற ஆங்கில எழுத்தை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் சேர்த்து, எஃப் 10 அழுத்த வேண்டும்.

8. ஹார்டு டிஸ்க்கே தெரியவில்லை. சில கணிப்பொறிகளில் பயாஸில் டிஸ்க் அமைப்பு 'ரெய்டு' என்று இருக்கும். அதை 'ஏ.எச்.சி.ஐ.' என்று மாற்றினால் தெரியும். ஆனால் விண்டோஸும் அதே கணிப்பொறியில் இருந்தால், இம்மாற்றத்தால் அது துவங்காமல் போகலாம். எனவே ஆசிரியரைக் கேட்டே மாற்றுக.

9. நிறுவிய பின் வைஃபை வரவில்லை. வைஃபை சில்லுக்குத் தேவையான சிறு மென்பொருள் பழைய டெபியன் நிறுவிகளில் இல்லை. 2023 இல் வந்த டெபியன் 12 முதல் அது சேர்க்கப்பட்டுள்ளது. அதுவரை கைப்பேசியை யு.எஸ்.பி. கம்பியால் இணைத்து, அதன் இணையத்தைப் பயன்படுத்தித் தேவையானதைப் பெறலாம்.

10. நிறுவி முடித்தும் மீண்டும் நிறுவியே தோன்றுகிறது. பென்டிரைவை எடுக்க மறந்திருப்போம்! எடுத்துவிட்டுத் துவக்கினால் போதும்.

ஒரு நிகழ்ச்சி

மேற்கூறியவற்றை எவ்வாறு வரிசையாகப் பயன்படுத்துவது என்பதற்கு நாங்கள் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறலாம். எங்கள் தெருவில் ஓர் அக்கா பிளஸ் டூ படித்தபோது பெற்ற மடிக்கணினி திடீரென்று துவங்கவில்லை. "இயங்குதளம் காணவில்லை" என்ற வரி மட்டுமே வந்தது. பழுது பார்க்கும் கடையில், "ஃபார்மட் அடித்தால்தான் சரியாகும், உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும்" என்றார்களாம். அக்காவின் முகம் வாடிவிட்டது. காலமான அவர் தந்தையின் புகைப்படங்கள் அதில் மட்டுமே இருந்தன.

நாங்கள் அவசரப்படவில்லை. பாஸ் இயங்குதளம் எழுதிய பென்டிரைவை, சிஸ்டரின் அனுமதி பெற்று, பள்ளிக் கணிப்பொறி அறையில் துவக்கிப் பார்த்தோம். துவங்கியது. எனவே பென்டிரைவ் சரி. அக்காவின் மடிக்கணினியில் இடப்பக்கத் துளையில் அது தெரியவில்லை, வலப்பக்கத்தில் தெரிந்தது. எனவே துளை ஒன்று பழுது. பயாஸில் துவக்க வரிசையை மாற்றிச் சேமித்தோம். ஆனால் மின்சாரத்தைத் துண்டித்து மீண்டும் இணைத்தால் மாற்றம் காணாமற்போனது. அப்போது ஒரு தோழி பயாஸில் இருந்த தேதியைக் கவனித்தாள். அது பல ஆண்டுகளுக்கு முந்தைய ஜனவரி 1! உள்ளே இருக்கும் நாணய வடிவச் சிறு பேட்டரி தீர்ந்துவிட்டது என்பது அதனால் தெரிந்தது. அந்தப் பேட்டரிதான் தேதியையும் அமைப்புகளையும் நினைவில் வைப்பது. தேதி தவறாக இருந்தால் பின்னர் இணையதளங்களும் "பாதுகாப்பற்றது" என்று திறக்க மறுக்கும்.

அடுத்து நாங்கள் நிறுவும் பொத்தானை அழுத்தவில்லை. லினக்ஸில் 'லைவ்' என்றொரு வழி உண்டு. டிஸ்க்கைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே இயங்குதளத்தை ஓட்டிப் பார்க்கலாம். அவ்வாறு துவக்கியதும் பழைய டிஸ்க்கின் கோப்புறைகள் திரையில் தெரிந்தன. கெட்டது விண்டோஸின் துவக்கக் கோப்புகள் மட்டுமே. புகைப்படங்கள் அப்படியே இருந்தன. அவற்றை மற்றொரு பென்டிரைவில் படியெடுத்து, வேறொரு கணிப்பொறியில் திறந்து பார்த்து உறுதி செய்த பிறகே பாஸ் நிறுவினோம். படங்களைப் பார்த்த பெரியம்மா, "இந்தப் படம் எல்லாம் போயே போச்சுன்னு நெனச்சேன் தாயி" என்று கண் கலங்கினார்கள். பேட்டரியை மறுவாரம் மாற்றிக்கொண்டார்கள். அம்மடிக்கணினியில் இப்போது அக்கா போட்டித் தேர்வுக்குப் படிக்கிறார்.

இதிலிருந்து அறிவது

ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்களைச் செய்யக்கூடாது. துளையையும் மாற்றி, அமைப்பையும் மாற்றி, பென்டிரைவையும் மாற்றினால் எதனால் சரியானது என்பதே தெரியாது. ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் நடந்ததை நோட்டில் எழுத வேண்டும். திரையில் வரும் பிழைச் செய்தியைப் படிக்காமல் கடந்துவிடாமல், சொல் மாறாமல் குறித்துக்கொள்ள வேண்டும். இது நாம் ஆய்வுக்கூடத்தில் கற்கும் முறைதான். வேதியியல் சோதனையில் ஒரு காரணியை மட்டும் மாற்றி, மற்றவற்றை நிலையாக வைக்கிறோம் அல்லவா?

பிரதி இல்லாத கோப்பு இருக்கும்வரை நிறுவத் தொடங்கக் கூடாது. கணிப்பொறிக்கு விலை உண்டு, இயங்குதளத்தை மீண்டும் பெறலாம். அந்தப் பெரியம்மாவின் புகைப்படங்களை எந்தக் கடையில் வாங்குவது?

முடிவுரை

அன்புத் தோழியரே! "இதெல்லாம் ஆண்பிள்ளைகள் பார்க்கிற வேலை" என்று சிலர் சொல்லக் கேட்டிருப்போம். திருகாணியைக் கழற்றவும், பிழைச் செய்தியைப் படித்துப் பொருள் உணரவும் வேண்டியவை பொறுமையும் கூர்மையான கவனமுமே. அவை நம்மிடம் நிறையவே உள்ளன. பதறாத காரியம் சிதறாது. இந்த விடுமுறையில் வீட்டுப் பீரோவின் மேல் உறங்கும் மடிக்கணினியை இறக்கித் தூசி தட்டுங்கள். முதலில் கோப்புகளைக் காப்பாற்றுங்கள். பின்பு ஒரு பென்டிரைவை எடுத்துக்கொண்டு, பெரியவர்கள் துணையுடன் ஒவ்வொரு படியாக முயலுங்கள். நம் அக்காமார் பயன்படுத்திய கணிப்பொறி நம் தங்கையர்க்கும் பயன்படட்டும்!